இருபத்தைந்து வயது ஊசி

அன்புள்ள பாபுவுக்கு,

நேற்று காலை நீ கோபமாகப் போனை வைத்துவிட்டாய். எனக்கும் கோபம்தான். ஆனால் போனில் எனக்குக் கோபப்படத் தெரியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து ஊராருக்கு டிரங்க் கால் இணைப்புக் கொடுத்தவள் நான். மறுமுனையில் எவ்வளவு கத்தினாலும் "கொஞ்சம் பொறுங்க சார்" என்று சொல்லியே பழகிய வாய் இது. நேற்று உன்னிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன், பிறகுதான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன். பெற்ற பிள்ளையை நிதானமாகத் திட்ட வேண்டுமானால் பேனாதான் வசதி. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஏன் கோணல் என்பதும் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. "லெவல் இப்பதாம்மா ஏற ஆரம்பிச்சிருக்கு. இந்த நேரத்துல போய் யாராவது ஊசியை நிறுத்துவாங்களா? இருபத்தஞ்சு வயசுல இருந்த லெவலுக்கு வந்தாதான் நீ இங்க வந்து சமாளிக்க முடியும்." இவ்வளவும் சொன்னாய். எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறேன் என்று கேட்டாய், பாக்கி மருந்து ஃபிரிட்ஜில் சரியாக இருக்கிறதா என்று கேட்டாய், பாதி அளவாவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாய். ஏன் நிறுத்தினேன் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். போன தடவை நீ லீவில் வந்திருந்தபோது தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போனோம் இல்லையா, மார்க்கெட்டுக்கு. பாதிப் படியில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். காய்கறிக் கூடையோடு பின்னால் வந்தவர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீ நாலு படி மேலே போய்த் திரும்பிப் பார்த்தாய். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவுதான், ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. உனக்குத்தான் சரியாகவில்லை. அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அதற்குப் பிறகு வித்யா இரண்டாவது உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. அவளுக்கு அம்மா இல்லை. முதல் பிரசவத்துக்கு ஆறு மாதம் அமெரிக்காவுக்கு வந்து சமையல், பத்தியம், குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது, உங்கள் துணி மடிப்பது என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்த அதே அம்மாதான் உனக்கு மறுபடியும் வேண்டும். அந்த அம்மா இப்போது இல்லையே! அவளைச் செய்து கொடுக்கிற கடையை இன்டர்நெட்டில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாய்.

அந்தக் கடையை நான் ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அடையாறு பக்கம் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு இடம், மருந்து வாடை இல்லை, லட்டுக் கடை மாதிரி வாசனை. உன் வயதில் ஒரு டாக்டர். மூளைக்கு அடியில் பட்டாணி போல ஒரு சுரப்பி இருக்கிறதாம், வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பது அதுதானாம். சின்ன வயதில் நிறையச் சுரக்குமாம், வயதாக ஆகக் குறைந்துகொண்டே வருமாம். "வயசாகறதே ஒரு குறைபாடுதான் ஆன்ட்டி. குறைஞ்சதை ஃபில் பண்றோம், அவ்ளோதான். பழைய லெவல் வந்துட்டா சதை இறுகும், கொழுப்பு கரையும், ஸ்கின் பளபளன்னு ஆயிடும்" என்றார். பெட்ரோல் பங்கில் பேசுவது போல இருந்தது. உன் அப்பா ரயில்வேயில் பெட்டிகளைப் பழுது பார்த்தவர் ஆயிற்றே, திரும்பி வரும்போது மின்சார ரயிலில் பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னார்: "உன் பையன் உன்னை ஓவர்ஹாலுக்கு அனுப்பிட்டான். பெட்டிக்குப் புது பெயின்ட் அடிக்கறது இருக்கட்டும், சக்கரத்தை யார் பாக்கறது?" நான் சிரித்தேன். சிரித்துவிட்டு ஊசிக்குச் சம்மதித்தேன். பிள்ளை ஆசையாகச் செய்கிறான், வேண்டாம் என்றால் மனம் நொந்துபோவான் என்று நினைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

ஊசி போட்டது யார் தெரியுமா? உன் அப்பா. கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் தானாக எடுத்துக் குடித்ததில்லை அந்த மனுஷர். கூடுவாஞ்சேரியில் மனை பார்க்கப் போனாலும் நான் கூஜாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனா மாதிரி இருந்த அந்த ஊசியில் அளவைத் திருகி வைத்து, என் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துப் போட்டார். ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் மருந்து இருக்கும். கரன்ட் போனால் அதை ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டு காவல் காப்பார். ஒவ்வொரு தடவையும் "வலிக்குதா?" என்று கேட்பார். உள்ளதைச் சொல்கிறேன், அந்தச் சிகிச்சையில் எனக்குப் பிடித்த விஷயம் அது ஒன்றுதான்.

இல்லை, இன்னொன்றும் பிடித்திருந்தது. இரண்டாவது மாதத்தில் என் முகம் மாறிவிட்டது. கன்னம் உப்பி, கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளம் நிரவி, கழுத்துச் சுருக்கம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் நின்று பேசினார்கள். எதிர்வீட்டு பர்வீன், மேற்குத் தாம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாரே அவருடைய மனைவி, கேட்டைத் திறந்துகொண்டே உள்ளே வந்து, "இன்னாக்கா, தளதளன்னு ஆயிட்டீங்க! அமெரிக்கா போற பூரிப்பு மூஞ்சியிலேயே தெரியுதே" என்றாள். கோயிலில் பார்த்த உன் பழைய ஸ்கூல் டீச்சர், "உடம்பு நல்லா தேறியிருக்கு, இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்று கையைப் பிடித்துச் சொன்னார். நம் ஊரில் ஒருத்தி மெலிந்தால் பத்துப் பேர் வியாதி விசாரிப்பார்கள், சதை போட்டால் திருஷ்டி கழிக்கச் சொல்வார்களே தவிர டாக்டரிடம் போகச் சொல்ல மாட்டார்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் முன்பைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன். உனக்கு வெப்கேமில் முகத்தைக் காட்டினேனே, "பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல!" என்று குதித்தாய். நாம் எல்லாரும் சேர்ந்து கொண்டாடியது எதைத் தெரியுமா? வீக்கத்தை.

முதலில் கால் மெட்டி இறுக்கியது. சோப்புப் போட்டும் வரவில்லை, எண்ணெய் போட்டும் வரவில்லை, விரல் சிவந்து தடித்துவிட்டது. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று மார்க்கெட் தெரு நகைக்கடைக்குப் போனோம். புருஷன் பக்கத்தில் நிற்கும்போது மெட்டி இல்லாத காலோடு ஒரு நொடிகூட இருக்கக் கூடாது என்று எனக்கு. அதனால் பெரிய அளவில் புது ஜோடி வாங்கி அடுத்த விரலில் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் பழசை வெட்டச் சொன்னேன். உன் அப்பா தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்டிய ஆசாரி என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உடம்பு வெச்சிகினு வர்றே போலகீதும்மா. நல்லதுதான். பையன் ஃபாரின்ல கீறானா?" என்றார். அவரும்தான் என்ன செய்வார்! நானும் சிரித்துக்கொண்டே "ஆமாம்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் காலையில் எழுந்தால் கை மரத்துப் போயிருக்கும். கட்டை விரலிலிருந்து நடுவிரல் வரைக்கும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், உதறினால் சரியாகும். ரசக் கரண்டி நழுவியது, ரவிக்கை ஹூக் மாட்டுவதற்கு நேரம் பிடித்தது. வயதானால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். வயதைக் குறைக்கிற ஊசி போட்டுக்கொண்டு, வந்த கோளாறை எல்லாம் வயதின் தலையில் கட்டிய புத்திசாலி நான்.

இப்போது சொல்லப் போவதைக் கவனமாகப் படி. பர்வீனின் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. நான் காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினால் குழந்தை அழாமல் தூங்கும் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு, உனக்கே தெரியும். நானே கேட்டுத்தான் போனேன். "அமெரிக்கா போறதுக்கு முன்னாடி கை பழகிக்கறேன் பர்வீன்" என்றேன். பின்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, முதுகுக்கு ஊற்றும் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மல்லாக்கத் திருப்புகிறேன், என் வலது கையில் குழந்தையின் தலை இருப்பதே எனக்குத் தெரியவில்லை, பாபு. கண்ணால் பார்க்கிறேன், தலை என் கையில்தான் இருக்கிறது, கைக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி அது வழுக்கி என் முழங்காலுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் போய்விட்டது. பர்வீன் "யா அல்லா!" என்று பாய்ந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. கொஞ்ச நேரம் அழுதது, அப்புறம் பால் குடித்துத் தூங்கிவிட்டது. பர்வீன் தங்கமானவள், "எண்ணெ வழுக்கும்லக்கா, எனக்கும்தான் எத்தனவாட்டி வழுக்கிக்கீது" என்றாள். மறுநாள் காலை நான் போய் நின்றபோது அவள் பெண்ணே குழந்தைக்கு ஊற்றி முடித்திருந்தாள். "நீங்க சிரமப்பட வேணாம் ஆன்ட்டி" என்றாள். அவள் செய்ததுதான் சரி. ஆனால் தெருவைக் கடந்து நம் வீட்டுக்கு வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே நம் கேம்ப் ரோடு டாக்டரம்மாவிடம் போனேன், உனக்கு அம்மை போட்டபோது பார்த்தாரே அவரேதான். கன்னத்தை அழுத்தினார், கணுக்காலை அழுத்தினார், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. "இது சதை இல்லம்மா, தண்ணி. உடம்புல நீர் கோத்துக்கிட்டிருக்கு. அந்த வீக்கத்துல மணிக்கட்டு நரம்பு அழுந்தறதாலதான் கை மரத்துப் போகுது" என்றார். சர்க்கரை பார்த்தார், ஏறியிருந்தது. எனக்கு இதுவரை சர்க்கரையே கிடையாது. "இந்த மருந்து, அந்தச் சுரப்பி வேலை செய்யாத பிள்ளைங்களுக்கு வரம். வளராம நின்னுபோன பிள்ளைங்க வளரும். உங்களுக்கு எந்தச் சுரப்பியும் கெட்டுப் போகலியே, வயசுதானே ஆயிருக்கு? சதை கொஞ்சம் கூடினாலும் அதோட பலமும் கூடும்னு என்னால சொல்ல முடியாது. இப்பவே நிறுத்துங்க" என்றார். உன் அப்பாவும் கூட வந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தானே போட்டேன்" என்றார். ஒரு வாரமாக அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, அந்த இருபத்தைந்து வயதுக்கு வருகிறேன். எப்போது பார்த்தாலும் அந்த எண்ணைச் சொல்கிறாயே, அந்த வயதில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியுமா? அது நீ பிறந்த வருஷம். மூன்று மாதக் குழந்தையை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு நைட் டியூட்டிக்குப் போவேன். விடிந்ததும் எழும்பூரில் ரயில் ஏறி தாம்பரம் வருவேன், அப்போது மீட்டர் கேஜ் வண்டி. ஒரு நாள் உட்கார இடம் கிடைத்தது, அதுதான் வினை. தாம்பரம் வந்தது தெரியவில்லை, எல்லாரும் இறங்கியது தெரியவில்லை, அதே வண்டி மறுபடியும் பீச் ஸ்டேஷனுக்குக் கிளம்பியது தெரியவில்லை. கிண்டியில் கண் விழித்தேன். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. ஆபீஸ் போகிற கூட்டத்துக்கு நடுவில் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, இறங்கி எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போகிற தெம்புகூட இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நீ அங்கே பசியில் கத்திக்கொண்டிருப்பாய் என்று தெரியும். அப்படியும் என்னால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. நீ சொல்கிற ஹார்மோன் எல்லாம் அப்போது என் உடம்பில் குறைவில்லாமல் சுரந்துகொண்டுதானே இருந்தது? அப்போதும் எனக்கு முடியவில்லை, பாபு. ஒரு பெண்பிள்ளை தனியாகச் செய்யக் கூடிய வேலையா அது? எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஊசி இல்லை, கூட ஒரு ஆள். உன் அப்பா அப்போது எழுந்து ஒரு கை கொடுத்திருந்தால் போதும். இன்றைக்கு வித்யாவுக்கு வேண்டியதும் அதுதான். அந்த ஆள் அவள் பக்கத்திலேயே இருக்கிறான், ஆராய்ச்சி செய்வதெல்லாம் அம்மாவின் ரத்தத்தை.

நீ கெட்டவன் இல்லை. உனக்குப் பயம். படியில் மூச்சு வாங்கி நின்ற அம்மாவைப் பார்த்த நொடியிலிருந்து நீ பயந்துபோயிருக்கிறாய். நான் எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்க வாய் வராமல், லெவல் எவ்வளவு என்று கேட்கிறாய். அது எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. பயமாக இருக்கிறது அம்மா என்று சொல்லேன்! நான் உன் அம்மாதானே, சொன்னால் குறைந்தா போய்விடுவாய்? ஒவ்வொரு ஞாயிறும் கார்டு தேய்த்துப் போன் போட்டு, என் ரத்தப் பரிசோதனையை டெஸ்ட் மேட்ச் ஸ்கோர் மாதிரி விசாரிக்கிறாய். ஏறியிருக்கிறது என்றால் சந்தோஷம், ஏறவில்லை என்றால் உன் குரலே இறங்கிவிடுகிறது. ஏதோ பரீட்சையில் நான் மார்க் வாங்காமல் வந்து நிற்கிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு வயதாவதை நீ ஒரு தப்பாக நினைக்கிறாய். நினைத்து நினைத்து என்னையும் அப்படி நினைக்க வைத்துவிட்டாய். கை மரத்ததை உன்னிடம் மறைத்தேனே, எதற்காக? உனக்கு ஏமாற்றமாக இருக்குமே என்றுதான். பெற்ற பிள்ளையிடம் மூப்பை ஒளித்துவைக்க வேண்டிய நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

வீக்கம் வடிந்துகொண்டு வருகிறது. கன்னம் மறுபடி ஒட்டிவிட்டது. நேற்று மளிகைக் கடையில் ஒருவர் "இன்னாம்மா, இளைச்சிட்டியே, உடம்புக்கு முடியலியா?" என்று விசாரித்தார். இல்லை, இப்போதுதான் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. கையும் மெதுவாக வரும் என்கிறார் டாக்டரம்மா. வராமலும் போகலாம். எதுவானாலும் அந்த ஊசியை இனி போட மாட்டேன், பாதி அளவும் போட மாட்டேன், அங்கே வந்த பிறகு வேறு ஒரு பெயரில் வேறு ஒரு மாத்திரை கொடுத்தாலும் விழுங்க மாட்டேன்.

வருவதைப் பற்றி இனி சொல்கிறேன். வர எனக்கு ஆசைதான், இல்லை என்று முறுக்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் வந்தால் குழந்தைக்கு நான் தண்ணீர் ஊற்ற மாட்டேன். நீ காலை நீட்டி உட்கார், நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், நீ ஊற்று. ஒரு வேளை சமைப்பேன், இரண்டு வேளை முடியாது. மத்தியானம் தூங்குவேன். பெரியவளுக்குக் கதை சொல்லும்போது பாதியில் கண் செருகினால் அவள்தான் என்னை எழுப்பி விட வேண்டும். உங்கள் மாடிப்படியில் நடுவில் நிற்பேன், நீ திரும்பிப் பார்த்து முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே, இறங்கி வந்து பக்கத்தில் நில். வித்யாவிடம் இதைப் படித்துக் காட்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். இதெல்லாம் ஒத்துவராது என்று தோன்றினால் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று பொய் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நாள் பேச மாட்டேன், அப்புறம் நானே போன் செய்வேன்.

வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அங்கேயே ஒரு இருபத்தைந்து வயதுப் பெண்ணைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள், நன்றாகவே செய்வாள். அம்மாதான் வேண்டுமென்றால், அவளுக்கு அறுபத்திரண்டு வயது ஆகிறது. டிக்கெட் போட்ட இடத்தில் ஏர்போர்ட்டில் ஒரு வீல்சேருக்கும் சொல்லி வை.

அம்மா